வெரைட்டி ஹால் இல்லாத வெரைட்டி ஹால் ரோடு

ரெண்டு வாரமாக ஆபீஸில் ஆணி ஜாஸ்தி. அதனால் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. யாரும் தேடியிருக்க மாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன் :-)

போன மாதம் ஒரு சனிக்கிழமை. தங்கச்சி கல்யாணப் பத்திரிகையின் ப்ரூஃப் ரெடியாகிவிட்டது, டவுன்ஹால் பக்கத்தில் இருக்கிற பிரஸ்ஸுக்குப் போய் வாங்கிப் பார்த்து, தப்பில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று அம்மா உத்தரவு. வண்டியை எடுக்கும்போது அப்புச்சி செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். (கொங்கு நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு: அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா.) அன்னூர்ப் பக்கம் ஊரில் இருக்கிறவர். கல்யாண வேலைக்காக வந்து எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறார். வயது எண்பத்திரண்டு. சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாத ஆள்.

"நானும் வாரேன் கண்ணு. ஊட்டுல உக்காந்து உக்காந்து முட்டி புடிச்சுக்குச்சு."

சரி என்று ஏற்றிக்கொண்டேன். காந்திபுரம் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"வாரப்ப அப்படியே நம்ம டிலைட்டு வழியா ஒரு சுத்து போயிட்டு வரலாமா?"

எனக்குப் பகீரென்றது. டிலைட் தியேட்டரை 2023 முடிந்து 2024 பிறக்கிற சமயத்தில் இடித்துவிட்டார்கள். பேப்பரில் வந்தது, வாட்ஸப்பில் சுற்றியது, நானும் நாலு பேருக்கு ஃபார்வேர்டு செய்தேன். அப்புச்சிக்கு மட்டும் சொல்லவில்லை. அவர் கையில் இருப்பது பட்டன் ஃபோன். அவரே தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

"பாக்கலாமுங்க அப்புச்சி" என்று சொல்லி வைத்தேன். ஹெல்மெட் போட்டிருந்ததில் ஒரு வசதி, முகம் தெரியாது.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். நான் அந்த தியேட்டருக்குள் போனது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. ஏழெட்டு வயசிருக்கும். முழுப்பரீட்சை லீவில் அப்புச்சி கூட்டிக்கொண்டு போனார். எம்ஜியார் படம். எந்தப் படம் என்பதில் எனக்கும் அவருக்கும் இன்றுவரை ஒத்துப் போகவில்லை. கடைசிக் காலத்தில் டிலைட்டில் பழைய படங்கள்தான் ஓடும். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் அப்புச்சி வயசு. படம் எனக்கு மறந்துபோய்விட்டது. தலைக்கு மேலே போன வெளிச்சக் குழாய் மட்டும் மறக்கவில்லை. பீடிப் புகையும் தூசியும் அதற்குள் சுழன்றுகொண்டிருந்தன. நான் திரையைப் பார்க்காமல் திரும்பித் திரும்பி அந்த ஓட்டையையே பார்த்தேன். அப்புச்சி தலையைப் பிடித்துத் திருப்பி விட்டுக்கொண்டே இருந்தார்.

அப்புறம் இன்ஜினியரிங் படித்த நாலு வருஷமும் டவுன்ஹால் வழியாகத்தான் பஸ். வாரத்துக்கு ஆறு நாள் அந்தப் பக்கம் போயிருப்பேன். ஒரு நாள்கூட இறங்கவில்லை. ஒரு போட்டோ எடுக்கவில்லை. என் ஃபோனில் இருக்கிற பதினோராயிரத்துச் சொச்சம் போட்டோவில் பிரியாணி மட்டும் முந்நூறு தேறும். டிலைட் ஒன்றுகூட இல்லை.

நிற்க. டிலைட்டுக்கு ஏன் இவ்வளவு பில்டப் என்று கேட்பவர்களுக்கு.

இந்தக் கட்டடம் 1914-ல் திறந்தபோது இதன் பெயர் வெரைட்டி ஹால். கட்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1883-ல் பிறந்த கோயமுத்தூர்க்காரர். திருச்சியில் ரயில்வே ஆபீசில் சம்பளத்துக்கு இருந்தார். 1905-ல் து போன் என்று ஒரு பிரெஞ்சுக்காரர், படம் காட்டும் மெஷினோடு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தவர், திருச்சிக்கு வந்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டார். ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று மெஷினையும் படச்சுருள்களையும் விற்க நினைத்தார். நம்மாள் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் புரட்டி மொத்தத்தையும் வாங்கி, வேலையை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அந்தச் சுருள்களில் ஒன்று ஏசுநாதர் வாழ்க்கை.

யோசித்துப் பாருங்கள். ரயில்வே வேலை. 1905. அதை விட்டுவிட்டு, வெள்ளைத் துணியில் நிழல் காட்டப் போகிறேன் என்றால் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள்? நான் ஸ்டார்ட்டப்புக்குப் போகிறேன் என்று சொன்னதற்கே எங்கள் வீட்டில் மூணு நாள் சோறு இறங்கவில்லை. (போகவில்லை. அது வேறு கதை.)

அப்புறம் ஒன்பது வருஷம் டென்ட். தமிழ்நாடு முழுக்க, வடக்கே லாகூர், பெஷாவர் வரைக்கும் கூடாரம் அடித்துப் படம் காட்டியிருக்கிறார். 1909-ல் சென்னையில் எஸ்பிளனேடு பக்கம் கூடாரம் போட்டு 'எடிசன் கிராண்ட் சினிமா மெகாஃபோன்' என்று நடத்தினார். அதற்குப் பிறகுதான் சொந்த ஊரில் செங்கல் சுவர்.

தென்னிந்தியாவின் முதல் நிரந்தர தியேட்டர் இதுதான் என்று கோயமுத்தூர்க்காரர்கள் மார்தட்டுவோம். சென்னைக்காரர்கள் உடனே வந்துவிடுவார்கள், வார்விக் மேஜர் 1913-லேயே மவுண்ட் ரோட்டில் எலக்ட்ரிக் தியேட்டர் கட்டியாயிற்று என்று. அவர்கள் சொல்வது சரிதான். 1914-ல் ரகுபதி வெங்கய்யாவும் சென்னையில் கெயிட்டியைக் கட்டினார். ஒரு தென்னிந்தியர் சொந்தக் காசில் கட்டிய முதல் தியேட்டர் எது என்று கேட்டால், இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் போட்டி. எனக்கு அந்தச் சண்டையில் அவ்வளவு ஆர்வம் இல்லை. 1911 சென்சஸில் கோயமுத்தூரின் ஜனத்தொகை ஐம்பதாயிரம்கூட இல்லை. அவ்வளவு சின்ன ஊரில், தெரு விளக்கே எண்ணெய் விளக்காக இருந்த காலத்தில், ஒருத்தர் மின்சாரத்தில் ஓடுகிற கட்டடம் கட்டினார் பாருங்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

எலக்ட்ரிக் தியேட்டர் பற்றி ஒரு விஷயம். சென்னையில் ஒரு வருஷம் பொட்டி தட்டியபோது தேடிப் போய்ப் பார்த்தேன். அண்ணா சாலை போஸ்டாபீஸ் வளாகத்துக்குள் இன்னும் நிற்கிறது. தியேட்டராகக் கொஞ்ச வருஷம்தான் இருந்தது, பிறகு தபால் துறை வாங்கிவிட்டது. இப்போது தபால்தலை சேகரிப்பவர்களுக்கான பீரோ அங்கேதான் இருக்கிறது. சர்க்கார் கைக்குப் போனதால் பிழைத்தது. கெயிட்டி கடைசிவரை தியேட்டராகவே இருந்தது, இப்போது இல்லை. வெரைட்டி ஹாலும் அப்படித்தான். நூறு வருஷம் செய்த வேலையையே செய்துகொண்டிருந்த கட்டடங்கள் போய்விட்டன, ரெண்டு வருஷத்தில் வேலையை மாற்றிக்கொண்டது நிற்கிறது.

சரி, அப்புச்சியிடம் வருகிறேன்.

பிரஸ்ஸில் ப்ரூஃப் வாங்கியாயிற்று. மாப்பிள்ளை வீட்டுத் தாத்தா பெயரில் ஒரு எழுத்துப் பிழை, முகூர்த்த நேரத்தில் ஒரு குழப்பம். திருத்திக் கையெழுத்துப் போட்டு சாயங்காலத்துக்குள் கொடுத்தால் திங்கட்கிழமை அச்சுக்குப் போகும் என்றார்கள். வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். அங்கிருந்து நடந்தே போய்விடலாம். அப்புச்சி பாதி டீ குடித்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். இனி மறைக்க முடியாது.

"அப்புச்சி, டிலைட்டை இடிச்சுட்டாங்க."

"எப்ப?"

"ரெண்டு வருசமாச்சுங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மிச்ச டீயைக் குடித்தார். கிளாஸை வைத்தார். அப்புறம்தான் கேட்டார்.

"உனக்குத் தெரியுமா அப்பவே?"

"தெரியுமுங்க."

"ஏன் சொல்லுல?"

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. வருத்தப்படுவார் என்று நினைத்தேன் என்று சொல்லலாம், அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, இடிக்கிறதுக்கு முன்னால் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நானே அவரிடம் சொல்லியிருந்தேன். பொங்கலுக்குச் சொன்னேன், ஆடி நோம்பிக்குச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு ரிலீஸ், ஏதோ ஒரு டெப்ளாய்மென்ட்.

வீட்டில் இந்தப் பேச்சு முன்னாலேயே ஒரு தடவை வந்தது. இடித்த செய்தியை அப்பாவிடம் காட்டியபோது அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அதென்ன மகாபலிபுரமா? பெரிய குடோன் மாதிரி இருக்கும். அதுல என்னத்தப் பாதுகாக்கறது?" என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் எதிர்த்துப் பேச வரவில்லை. உண்மையிலேயே வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். நாலு எட்டு நடந்தால் டவுன்ஹால், 1892-ல் கட்டியது, ஊரே அடையாளமாகக் காட்டுவது. விவசாயக் கல்லூரியின் பழைய சிவப்புக் கட்டடம் இன்னொன்று. அதெல்லாம் பார்த்தவுடனே பழசு என்று தெரியும். வெரைட்டி ஹாலுக்குக் குவிமாடம் கிடையாது, கோபுரம் கிடையாது. ஒரு நீள ஹால், அவ்வளவுதான். 'கட்டடக் கலை' என்று தலைப்புப் போட்டுக் கட்டுரை எழுதினால் ரெண்டு பத்திக்கு மேல் தாண்டாது.

இதை அப்படியே அப்புச்சியிடம் சொன்னேன், அப்பா பெயரைச் சொல்லாமல். (மாமனார் மருமகன் விவகாரத்தில் நமக்கென்ன வேலை.) ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு அவர் கேட்ட கேள்வி நான் எதிர்பார்க்காதது.

"அந்தக் காலத்துல கரண்டு ஏது? இஞ்சின் எங்க வெச்சிருந்தான்?"

அப்புச்சி ஆயில் இன்ஜின் மெக்கானிக். கணபதியில் ஒரு பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டு, அன்னூர், அவினாசிப் பக்கமெல்லாம் தோட்டத்துக் கிணறுகளில் ஓடின குரூடாயில் இன்ஜின்களுக்கு நாற்பது வருஷம் வைத்தியம் பார்த்தவர். அவருக்கு எந்தக் கட்டடத்தைக் காட்டினாலும் முதலில் மோட்டார் ரூம் எங்கே என்றுதான் கேட்பார்.

கேள்வி சரியான கேள்வி. பைக்காரா மின்சாரம் கோயமுத்தூருக்கு வந்தது 1930-களில். வெரைட்டி ஹால் திறந்ததற்குப் பதினெட்டு, பத்தொன்பது வருஷம் கழித்து. அதுவரைக்கும் சாமிக்கண்ணு சொந்தமாக இன்ஜின் வைத்து, டைனமோ சுற்றி, மின்சாரம் எடுத்தார். ப்ரொஜெக்டருக்குள் எரிந்தது பல்பு இல்லை, கார்பன் ஆர்க். ரெண்டு கரிக்குச்சி நுனிகளை நெருக்கி வைத்தால் நடுவில் பளீரென்று ஒரு வெளிச்சம் வருமே, வெல்டிங்கில் பார்ப்போமே, கிட்டத்தட்ட அது. குச்சி எரிந்து தேயத் தேய ஆபரேட்டர் கையால் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். சின்ன ஹாலுக்கான ஆர்க் விளக்குக்கே, இன்று வீட்டில் ரெண்டு ஏசி போட்டால் இழுக்கிற அளவு கரண்ட் தேவைப்படும்.

"அப்ப இஞ்சின் ஹாலுக்குள்ள வெச்சிருக்க முடியாது" என்றார் அப்புச்சி. ப்ரூஃப் தாளை என் கையிலிருந்து வாங்கித் திருப்பினார். பின்பக்கம் காலி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு பால்பாயின்ட் பேனா இருக்கும். ஒரு நீளக் கட்டம் போட்டார்.

அடுத்த அரைமணி நேரம் அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

அந்தக் காலத்து இன்ஜின் மெதுவாக ஓடும், ஒற்றை சிலிண்டர், ஆள் உயர ஃப்ளைவீல். ஒவ்வொரு அடிக்கும் பூமி அதிரும். அந்த அதிர்வு ஹால் சுவரில் ஏறினால் ப்ரொஜெக்டர் ஆடும். ப்ரொஜெக்டர் ஒரு நூல் ஆடினால் திரையில் படம் ஒரு சாண் ஆடும். ஆகவே இன்ஜினுக்குத் தனிக் கிடங்கு தோண்டி, தனிக் கல் மேடை போட்டு, ஹாலின் அஸ்திவாரத்தோடு ஒட்டாமல் வைக்க வேண்டும். சத்தம் வேறு. ஊமைப் படம்தானே, சத்தம் இருந்தால் என்ன என்று நான் கேட்டேன். "பக்கத்துல பொட்டி வாசிக்கறவன், கதை சொல்றவன் இருப்பானில்ல? அவனுக்கு வேண்டாமா?" என்றார். பாயின்ட். அப்புறம் சூடு. இன்ஜினைக் குளிரவைக்கத் தண்ணீர்த் தொட்டி வேண்டும், தண்ணீர்த் தொட்டிக்குக் கிணறு வேண்டும். சைலன்சர் குழாய் காற்று அடிக்கிற திசை பார்த்து வெளியே விட வேண்டும், இல்லாவிட்டால் தரை டிக்கெட்காரன் இருமியே செத்துப்போவான்.

"இதெல்லாம் வெச்சுப் பாத்தா" என்று கட்டத்துக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ஒரு சின்னக் கட்டம் போட்டார். "இங்கதான் இருந்திருக்கோணும். வேற எடத்துல வெச்சான்னா அவனுக்குத் தொழில் தெரியாதுன்னு அர்த்தம்."

1914-ல் இன்ஜின் எங்கே இருந்தது என்று இவர் பார்த்ததில்லை. இவர் பிறந்ததே 1943. ஆனால் அந்தப் பேனாக் கோட்டில் இருந்த நிச்சயம், எங்கள் ஆபீஸில் ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்டிக்கொண்டு திரிகிறவர்கள் போடும் கட்டங்களில் நான் பார்த்ததில்லை.

நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சாயங்காலம் ரெண்டு ஆட்டத்துக்கு மட்டும் இன்ஜின் ஓடினால் கட்டுப்படியாகாது. முதலீடு பெரிசு. பகலெல்லாம் சும்மா நிற்கும். சாமிக்கண்ணு 1916-ல் 'எலக்ட்ரிக் பிரின்டிங் வொர்க்ஸ்' என்று அச்சகம் ஆரம்பித்தார். கோயமுத்தூரில் மின்சாரத்தில் ஓடிய முதல் அச்சகம். பிறகு அரிசி, மாவு அரைக்கிற மில்லும் வைத்தார். ராத்திரி சும்மா கிடக்கிற சர்வரில் நாங்கள் வேறு வேலை ஓட்டுவது போலத்தான். அரிசி மில்லையும் அச்சகத்தையும் சினிமாவையும் ஒரே வியாபாரமாக அவர் பார்த்திருக்கிறார். தமிழ் சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் மாவு மில்லை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் கட்டடத்தையே விளக்குகிறது. கட்டடம் என்று நாம் பார்த்தது அந்த நீள ஹாலை. உயிர் பின்னால் இருந்த சின்னக் கட்டத்தில்.

இதைச் சொன்னதும் அப்புச்சி பத்திரிகை அடித்த பிரஸ் இருக்கிற பக்கம் தலையைத் திருப்பிச் சிரித்தார். "அப்ப சினிமாக் கரண்டுல கல்யாணப் பத்திரிகை அடிச்சிருப்பான்னு சொல்லு."

அடித்திருக்கலாம்.

அடுத்தது கேபின். இது ரெண்டு பேருக்கும் தெரிந்த ஏரியா. ஹாலின் ஒரு முனையில் கேபினைக் குறித்துவிட்டு, "படி வெளிய இருக்கும்" என்று ஒரு கோடு இழுத்தார். உங்கள் ஊரில் பழைய தியேட்டர் ஏதாவது மிச்சம் இருந்தால் போய்ப் பாருங்கள். ஆபரேட்டர் ரூமுக்குப் போகிற படி பெரும்பாலும் கட்டடத்தின் வெளிப்பக்கமாகத்தான் ஏறும். ஆபரேட்டர் பீடி குடிக்க வசதியாக வைத்திருக்கிறார்கள் என்று சின்ன வயசில் நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் நெருப்பு. அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரேட். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது, எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. அதற்கு ஒரு சாண் பக்கத்தில்தான் வெல்டிங் மாதிரி ஆர்க் எரிகிறது! 1897-ல் பாரிஸில் ஒரு தர்மச் சந்தையில் படம் காட்டும்போது விளக்கிலிருந்து தீப்பிடித்து நூற்றிருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதன் பிறகுதான் உலகம் பூராவும் பயம் வந்தது. இந்தியாவில் 1918-ல் சினிமாட்டோகிராஃப் சட்டம் வந்து, லைசென்ஸ் இல்லாமல் படம் காட்டக்கூடாது, பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும் என்றது. தீப்பிடிக்காத சுவரோடு தனி கேபின், வெளிப்பக்கம் வழி, படம் போகிற ஓட்டைக்கு விழுந்து மூடுகிற தகடு, ஹாலின் பக்கவாட்டில் வெளிநோக்கித் திறக்கிற கதவுகள் எல்லாம் இந்தப் பயத்தில் பிறந்தவை. நான் ஏழு வயசில் திரும்பித் திரும்பிப் பார்த்த ஓட்டை அவ்வளவு சின்னதாக இருந்ததற்கும் அதுதான் காரணம். தீ வந்தால் அதை மூட வேண்டும், அதனால் சின்னது.

உட்காரும் இடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். திரைக்குப் பக்கத்தில் தரை, அப்புறம் பெஞ்சு, அப்புறம் சேர். கோயிலில் காசு கொடுத்தவர் சாமிக்குப் பக்கத்தில், கொட்டாயில் காசு கொடுத்தவர் சாமிக்குத் தூரத்தில் :-) அப்புச்சி தரையிலிருந்து பெஞ்சுக்கு வர ஆறு வருஷம் ஆனதாம். சேர் டிக்கெட் எடுத்தது கல்யாணமான புதுசில், அம்முச்சியோடு. அந்த இடத்தில் தாளில் ரெண்டு புள்ளி வைத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நடுவில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவர் பார்த்த டிலைட் 1960-களின் டிலைட். அது 1914-ன் வெரைட்டி ஹால் தானா? எவ்வளவு மாறியிருக்கும்? 1931-ல் பேசும் படம் வந்தபோது எல்லா ஊமைப்படக் கொட்டகைகளுக்கும் ஒரே தலைவலிதான். பேச்சுக்காகக் கட்டாத ஹாலில் பேச்சு வந்தது. மொட்டைச் சுவரில் பட்டு எதிரொலிக்கும், வசனம் புரியாது. திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர் வைக்க இடம் வேண்டும், சத்தம் வெளியே வரத் திரையிலேயே பொடிப்பொடி ஓட்டைகள் வேண்டும். 1950-களில் சினிமாஸ்கோப் வந்ததும் திரையை அகலமாக்க வேண்டும். பைக்காரா வந்ததும் பின்னால் இருந்த இன்ஜினுக்கு வேலை போயிற்று. ஒவ்வொரு தடவையும் கட்டடம் எதையோ விட்டுக்கொடுத்துத்தான் தாக்குப் பிடித்திருக்கும். அப்படிப் பார்த்தால் அப்பா சொன்ன 'குடோன்' ஒரு விதத்தில் சரி. அந்த வெற்றுப் பெட்டித்தனம்தான் அதை நூறு வருஷத்துக்கு மேல் ஓட்டியது. 'வெரைட்டி' என்ற பெயரையே பாருங்களேன், இதற்கு மட்டும்தான் என்று எதையும் சொல்லாத பெயர்.

சாமிக்கண்ணு அதோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1933-ல் கல்கத்தாவின் பயனியர் ஃபிலிம் கம்பெனியோடு சேர்ந்து 'வள்ளி திருமணம்' எடுத்தார், டி.பி.ராஜலட்சுமி நடித்தது. கோயமுத்தூரில் சென்ட்ரல் ஸ்டுடியோஸ் ஆரம்பித்தவர்களில் ஒருவர். 1942-ல் இறந்தார். ஊரில் அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும் என்று அன்று டீக்கடையிலேயே ஒரு சர்வே எடுத்தேன். டீ மாஸ்டர், பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் ரெண்டு பேர். யாருக்கும் தெரியவில்லை. "வெரைட்டி ஹால் எங்கேங்ணா?" என்றதற்கு ஆட்டோக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரோடா, போலீஸ் டேசனா?" என்றார். ஹால் என்று ஒன்று இருந்திருக்கும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. ஹாலுக்கு டிலைட் என்று பெயர் மாறிய பிறகும் ரோடு பழைய பெயரை விடவில்லை. இப்போது ஹாலே போய்விட்டது. ரோட்டில் போர்டு இருக்கிறது, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இருக்கிறது, கடைகளின் பில் புத்தகத்தில் இருக்கிறது.

"சரி, போய்ப் பாக்கலாமுங்களா? அந்த இடத்தையாவது?" என்று கேட்டேன்.

அப்புச்சி தாளைப் பார்த்தார். நீளக் கட்டம், கேபின், வெளிப்படி, ரெண்டு புள்ளி, பின்னால் தள்ளி இன்ஜின். ஏதோ விட்டுப்போனது போல இன்ஜினிலிருந்து கேபினுக்கு ஒரு கோடு இழுத்து, நடுவில் சின்னதாக ஒரு வட்டம் போட்டார். டைனமோவாம்.

"வேண்டாங் கண்ணு. வெயிலு ஏறுது. ஊட்டுக்குப் போலாம்."

வண்டியைக் கிளப்பி ஒப்பணக்காரத் தெரு தாண்டின பிறகுதான் ஞாபகம் வந்தது, ப்ரூஃபில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. திரும்பப் போனோம். கவுண்ட்டரில் இருந்த பெண் தாளை வாங்கிப் பிழைகளைச் சரிபார்த்து, எதேச்சையாகத் திருப்பி, "இது என்னங்கண்ணா, மண்டபத்துக்கு வழியா? பின்னாடி ரூட் மேப் போடணுங்களா?" என்றாள்.

இல்லை என்று சொல்லித் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இன்னொரு ப்ரூஃப் அடித்துத் தரச் சொன்னேன். இருபது ரூபாய் எக்ஸ்ட்ரா. அப்புச்சிதான் கொடுத்தார்.